பாகற்காயும் சிவப்பு வைனும்

எங்கள் ஹோட்டலில் வேலைசெய்து ஓய்வுபெற்றவர்கள் சேர்ந்து ஒரு மலர் போடுகிறார்கள். அதன் செயலாளர் போன மாதம் வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக்கு வந்து, "சபா அண்ணை, இப்ப எல்லா ஹோட்டலிலயும் மரக்கறிச் சாப்பாட்டுக்கு வைன் குடுக்கிறதுதான் ஃபேஷன். நீங்கள் அதை அந்தக் காலத்திலயே செய்தனீங்கள். சிரிக்கிற மாதிரி ஒண்டு எழுதித் தாங்கோ" என்றார். ஓம் என்று சொல்லிவிட்டேன். எழுத உட்கார்ந்தால் சிரிப்பு வரவில்லை. ஒரு மதியச் சாப்பாடுதான் திரும்பத் திரும்ப வருகிறது. அதைத்தான் எழுதப்போகிறேன். சிரிப்பு வேண்டுமென்றால் அவர் வேறு ஆளைப் பிடித்துக்கொள்ளட்டும்.

நான் அந்த ஹோட்டலில் வைன் ஸ்டூவர்ட்டாக, அதாவது சாப்பாட்டுக்குப் பொருந்துகிற வைனைத் தெரிந்து ஊற்றுகிறவனாக, இருந்தவன். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வந்து, கொட்டாஞ்சேனையில் ஒரு அறையில் நாலைந்து பேரோடு படுத்தெழும்பி, முதலில் தட்டுக் கழுவினேன், பிறகு மேசை துடைத்தேன், பிறகு பரிமாறினேன். வைனுக்கு வந்தது தற்செயலாகத்தான். வெள்ளிக்கிழமைகளில் நான் மரக்கறிதான் சாப்பிடுவேன் என்று தெரிந்த எங்கள் மேலதிகாரி ஜயலத், "மரக்கறி மேசைகளை இனி நீர் பாரும்" என்று என்னை அந்தப் பக்கம் தள்ளிவிட்டார். வெள்ளைக்காரர்கள் எழுதிய புத்தகங்களில் மீனுக்கு இது, மாட்டிறைச்சிக்கு இது என்று இருக்கும். கத்தரிக்காய்க்கு என்ன என்று ஒரு வரியும் இருக்காது. நாங்கள் இரண்டு பேரும் சமையலறையில் நின்று நக்கி நக்கித்தான் கண்டுபிடித்தோம்.

நக்கி என்றால் நக்கித்தான். வைனைச் சுவைக்கிறவன் அதை விழுங்குவதில்லை. முதலில் போத்தலின் கழுத்தைத் துடைக்கவேண்டும். தக்கையை இழுத்து முகரவேண்டும். கிளாசில் கொஞ்சம் ஊற்றி வெளிச்சத்தில் பார்த்து, மூக்கைக் கொடுத்து, ஒரு வாய் எடுத்து நாக்கு முழுக்கப் பரவவிட்டு, பிறகு வாளிக்குள் துப்பிவிடவேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை போத்தல் திறந்தாலும் தெளிவாக நிற்பதற்காக உலகம் முழுக்க அப்படித்தான் செய்கிறார்கள். எனக்கு இன்னொரு காரணமும் இருந்தது. எனக்குப் பெண் பேசியபோது என் மனைவி சரோவின் தகப்பனார், "பெடியன் ஹோட்டலிலை சாராயம் ஊத்திறவராமே" என்று இழுத்தார். "ஊத்திறனான் மாமா, குடிக்கிறேல்லை" என்றேன். அந்தச் சொல்லைக் காப்பாற்றினேன். கந்தசஷ்டி விரத நாட்களில்கூட நாக்கில் வைத்துத் துப்பி, வாயைக் கொப்பளித்துவிடுவேன். தொண்டைக்குள் போனால்தான் விரதம் முறியும் என்று எனக்கு நானே ஒரு சட்டம் போட்டிருந்தேன். முருகன் ஆட்சேபித்ததாகத் தெரியவில்லை.

ஜயலத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். தெற்கே காலி நகரத்திலிருந்து வந்த சிங்களவர். ஒல்லி. குரலை உயர்த்தமாட்டார், கோபம் வந்தால் இன்னும் தணிந்துவிடும், நாங்கள் கிட்டப்போய்த்தான் ஏச்சு வாங்கவேண்டும். காலையில் வேலை தொடங்குமுன் எங்களை வரிசையாக நிற்பாட்டிக் கேள்வி கேட்பார். அவர் கறியின் பெயரைச் சொல்லுவார், நாங்கள் வைனைச் சொல்லவேண்டும். சொதி என்றால் லேசான இனிப்புள்ள வெள்ளை. சுட்ட கத்தரிக்காய் என்றால் மெல்லிய சிவப்பு. உளுந்து வடை என்றால் நுரைக்கிறது. காரணத்தையும் சொல்லவேண்டும். உறைப்பும் துவர்ப்பும் சேர்ந்தால் வாய் எரியும், கசப்பும் துவர்ப்பும் சேர்ந்தால் கசப்பு இரட்டிக்கும் என்று சொன்னால்தான் தலையாட்டுவார். சிவப்பு வைனில் உள்ள துவர்ப்பு வாழைப்பூவின் துவர்ப்பு மாதிரி, நாக்கைப் பிடித்துக்கொள்ளும்.

அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கொழும்பில் குண்டுகள் வெடித்துக்கொண்டிருந்தன. வெள்ளவத்தையில் இருந்த எங்களுக்கு, ஒவ்வொரு வெடிக்குப் பிறகும் கதவில் தட்டு விழும். பிறந்த ஊர் யாழ்ப்பாணம் என்று அடையாள அட்டையில் இருந்தால் போதும், பொலிஸ் ஜீப்பில் ஏற்றிவிடுவார்கள். சிலர் இரண்டு நாளில் திரும்பி வந்தார்கள். எங்கள் ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெருவில், ஒரு வங்கிக் குமாஸ்தா வரவேயில்லை. அவருடைய மனைவி பொலிஸ் ஸ்டேசன் ஸ்டேசனாக ஏறி இறங்கி, கடைசியில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஊரைவிட்டே போய்விட்டார். நானும் சரோவும் அதைப் பற்றிக் கதைப்பதில்லை. நான் வேலைக்குப் போகும்போது அவள் ஒழுங்கை முகப்புவரை கூட வருவாள். அவ்வளவுதான்.

அப்படியான காலத்தில் ஒரு மந்திரி எங்கள் ஹோட்டலில் வெளிநாட்டு விருந்தினர் ஒருவருக்கு மதிய விருந்து வைத்தார். விருந்தினர் மரக்கறிக்காரர், ஆனால் வைன் பிரியர். அதனால் முழு மேசைக்கும் மரக்கறி. நான் தேங்காய்ப்பால் கறிகளுக்கு வெள்ளை என்று எழுதிக் கொடுத்தேன். மந்திரியின் காரியாலயத்திலிருந்து, விலை கூடிய சிவப்புத்தான் வேண்டும் என்று பதில் வந்தது. அதோடு மந்திரிக்குப் பிடித்தது என்று பாகற்காய்ச் சம்பலும் சேர்ந்துகொண்டது. பாகற்காயைக் கறுகப் பொரித்து, வெங்காயமும் பச்சைமிளகாயும் நிறையப் போட்டுத் தேசிக்காய் பிழிவார்களே, அதுதான்.

ஜயலத்திடம் போனேன்.

"சேர், இந்த வைனில துவர்ப்புக் கூட. சம்பலைச் சாப்பிட்டிட்டு இதைக் குடிச்சால் வாய் கசந்து எரியும்."

"எனக்குத் தெரியாதா சபா? அவர்கள் கேட்டதை ஊற்றும். இந்தக் காலத்தில் மந்திரிக்கு நாக்குப் பாடம் எடுக்க உமக்கும் எனக்கும் என்ன தேவை?" என்று ஆங்கிலத்தில் சொன்னார். குரல் மிகத் தணிந்திருந்தது.

மனம் கேளாமல் சமையலறைக்குப் போனேன். மரக்கறிப் பகுதி ரஹீம் நானாவின் பொறுப்பு. மாளிகாவத்தை முஸ்லிம், நாங்கள் அண்ணை என்பதைத்தான் அவர்கள் நானா என்பார்கள், தங்கமான மனுசன். "நானா, உந்தச் சம்பலோட சிவப்பு வைன் போனால் கசக்கும். மிளகாயையாவது குறையுங்கோ" என்றேன். "மந்திரிட ஆக்கள் வந்து பார்த்துட்டுப் பெய்த்தாங்க தம்பி. இனி ஒண்டையும் மாத்தேலா" என்று அவர் கையை விரித்தார்.

அன்று கந்தசஷ்டியின் மூன்றாம் நாள். முதல்நாள் இரவு பாலும் பழமும் எடுத்ததுதான், வயிறு வெறுமையாக இருந்தது. முறைப்படி போத்தல்களைத் திறந்து, சுவைத்து, துப்பினேன். ஒரு குறையும் இல்லை. மந்திரியின் வலப்பக்கம் நின்று லேபலைக் காட்டினேன். ஒரு வாய் ஊற்றினேன். அவர் குடித்துப் பார்த்துத் தலையாட்டினார். விருந்தினருக்கு ஊற்றி, மற்றவர்களுக்கு ஊற்றி, கடைசியில் மந்திரியின் கிளாசை நிரப்பிவிட்டுச் சுவரோரம் போய் நின்றேன். விருந்தினரும் மற்றவர்களும் சம்பலைத் தொடவில்லை. மந்திரி இரண்டு கரண்டி போட்டுக்கொண்டார். மென்றுகொண்டே கிளாசை எடுத்து ஒரு பெரிய மிடறு குடித்தார்.

அவருடைய முகம் கோணியது. கிளாசை வைத்துவிட்டுத் தொண்டையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்ற பாதுகாப்பு அதிகாரியைத் திரும்பிப் பார்த்தார். "கசக்கிறது. எரிகிறது. இதற்குள் என்ன?" என்று சிங்களத்தில் கேட்டார். மேசையில் மற்ற எல்லோரும் அதே வைனைக் குடித்துவிட்டுச் சும்மா இருந்தார்கள். அது எனக்கு உதவவில்லை. அவருடைய கிளாசுக்கு மட்டும் ஏதோ நடந்திருக்கிறது என்றுதான் அதற்கு அர்த்தம் வந்தது. கிளாசை நிரப்பியவன் நான். என்னுடைய சட்டையில் பெயர் குத்தியிருந்தது: சபாநாதன்.

மந்திரியை டெலிபோன் வந்திருப்பதாகச் சொல்லி அடுத்த அறைக்குக் கூட்டிப்போய் டாக்டரை வரவழைத்தார்கள். என்னை இரண்டு பேர் கையைப் பிடித்துப் பான்ட்றிக்குள், அதாவது மண்டபத்துக்குப் பின்னால் நாங்கள் போத்தல் வைக்கிற சின்ன அறைக்குள், கொண்டுபோய்க் கதிரையில் இருத்தினார்கள். துவக்கோடு ஒருவன் கதவடியில் நின்றான். கைகளை விரித்து மேசைமேல் வை என்றார் அதிகாரி. வைத்தேன். வங்கிக் குமாஸ்தாவின் நினைப்புத்தான் வந்தது. அவரையும் இப்படித்தான் எங்கேயோ இருத்தி வைத்திருப்பார்கள்.

"சேர், அது வைனில் இல்லை. பாகற்காயில். இரண்டும் சேர்ந்தால் அப்படித்தான் கசக்கும்" என்றேன்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

ரஹீம் நானா அதற்குள் ஓடிவந்துவிட்டார். என்னைக் காப்பாற்றத்தான் வந்தார், அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை. அரைகுறைச் சிங்களத்தில் அவர் சொன்னதை ஒருத்தரும் கவனிக்காததால், தமிழும் தெரிந்த ஒரு பொலிஸ்காரனைப் பார்த்து, "சபா தம்பி காலையிலயே செல்லிட்டாரு மாத்தயா, குடிச்சாக் கசக்கும் எண்டு. நான் அல்லாவுக்காகச் செல்றன்" என்றார்.

அந்தப் பொலிஸ்காரன் அதை மொழிபெயர்த்தான். அதிகாரி என்னிடம் குனிந்தார். "மந்திரிக்குக் கசக்கும் என்று காலையிலேயே உனக்குத் தெரியும்?"

தெரியும் என்றாலும் குற்றம், தெரியாது என்றாலும் பொய். இத்தனை வருடம் படித்த தொழில் என் கழுத்தில் கயிறாக விழுந்துவிட்டது. ஜயலத்தைப் பார்த்தேன். அவர் கதவோரம் நின்று தன் கைக்குட்டையை மடித்துக்கொண்டிருந்தார்.

அதிகாரி மந்திரியின் கிளாசையும் போத்தலையும் என் முன்னால் வைத்தார். "குடி" என்றார்.

கிளாசை எடுத்தேன். ஒரு வாய் எடுத்தேன். அதற்குப் பிறகு நான் செய்ததை நினைத்தால் இப்போதும் உடம்பு குளிர்கிறது. நான் யோசித்துச் செய்யவில்லை. வைனை நாக்கு முழுக்கப் பரவவிட்டேன், கன்னத்துக்குள் உருட்டினேன், பக்கத்தில் இருந்த வாளியைக் கால் தானாகத் தேடிப் பிடித்தது, குனிந்து துப்பிவிட்டேன்.

கதவடியில் நின்றவன் துவக்கை என் நெற்றிக்கு நேரே நீட்டினான். "விழுங்க மாட்டேன் என்கிறான்! கொட்டியா!" என்று கத்தினான். புலி என்கிற அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்குக் காற்சட்டையில் சிறுநீர் போய்விட்டது. எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் போய்விட்டது.

"அது அவனுடைய பழக்கம், நாங்கள் எல்லோரும் துப்புவோம்" என்று ஜயலத் சொன்னார். அதிகாரி கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். பிறகு கிளாசில் மிச்சமிருந்ததையும், போத்தலில் இருந்ததையும் ஊற்றி ஊற்றி எனக்குத் தந்தார். எல்லாவற்றையும் விழுங்கினேன். என் தொண்டைக்குள் போன முதல் வைன் அதுதான். முருகா, மாமா, சரோ என்று ஒவ்வொருவராக மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே குடித்தேன்.

"இனி இப்படியே இரு. பார்ப்போம்" என்று அதிகாரி எதிரே நின்றுகொண்டார்.

எதைப் பார்ப்பது என்று எல்லோருக்கும் தெரியும். நான் சாகிறேனா என்றுதான். அங்கேதான் உண்மையான பயம் தொடங்கியது. மூன்று நாள் விரதம் இருந்த வெறும் வயிறு. குடித்துப் பழகாத உடம்பு. கொஞ்ச நேரத்தில் அறை சுழன்றது. வியர்த்து ஊற்றியது. வாந்தி நெஞ்சுவரை வந்து நின்றது. வாந்தி எடுத்தால் நஞ்சு என்பார்கள். மயங்கி மேசையில் சாய்ந்தால் நஞ்சு என்பார்கள். நான் வெறும் குடிவெறியில் சரிந்தாலும், அங்கே இருக்கிற ரஹீம் நானா உட்பட எல்லோரையும் அள்ளிக்கொண்டு போவார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். கண் இமை தானாக மூடியது.

"கத்தரிக்காய்ப் பால்கறி" என்றது ஒரு குரல்.

ஜயலத் ஒரு கதிரையை இழுத்து எனக்கு நேரே உட்கார்ந்திருந்தார். அதிகாரிக்கும் விளங்கட்டும் என்று சிங்களத்தில் கேட்டார்.

"இ... இனிப்பு வெள்ளை, சேர்."

"ஏன்?"

"பால் இருக்கு. உறைப்பு இருக்கு."

"சுட்ட கத்தரிக்காய்?"

"மெல்லிய சிவப்பு. புகை மணத்துக்கு."

"இவர் என்ன கேட்கிறார்?" என்று அதிகாரி முறைத்தார். "அவனுக்குப் புத்தி தெளிவாக இருக்கிறது என்று உங்களுக்குக் காட்டுகிறேன்" என்றார் ஜயலத், காலை வரிசையில் பேசுகிற அதே குரலில். பூசணிக்காய், பலாக்காய், முருங்கைக்காய், பருப்பு, வெண்டிக்காய் என்று அவர் கேட்டுக்கொண்டே போனார். நான் ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு மேலே வந்தேன். வாந்தி வந்தபோது பதிலை விட்டுவிட்டு மூச்சைப் பிடித்தேன். அவர் அவசரப்படாமல் அதே கேள்வியை மறுபடி கேட்டார். பாகற்காயை மட்டும் அவர் கேட்கவில்லை.

டாக்டர் வந்து மந்திரிக்கு ஒன்றுமில்லை என்றார். மந்திரி திரும்பிப் போய்ப் பாயாசம் குடித்ததாகச் சொன்னார்கள். அதிகாரி என் கண் இமையை விரலால் தூக்கிப் பார்த்தார். கதவடியில் நின்றவனிடம், "இவன் சாகவில்லை. போகலாம்" என்றார். துவக்கு இறங்கியது. அவர்கள் போன பிறகுதான் வாளியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தேன். ஜயலத் என் முதுகைத் தடவினார்.

"ஒரு வாய் நீங்களும் குடிச்சுக் காட்டியிருக்கலாமே சேர்" என்று கேட்டுவிட்டேன். வெறி கேட்க வைத்தது.

"குடித்திருக்கலாம்" என்றார். "கையை நீட்டினேன் சபா. போத்தலைத் தொடப் பயமாக இருந்தது. உண்மையிலேயே ஏதாவது இருந்தால்?"

எனக்குக் கோபம் வரவில்லை. அவருக்கும் பிள்ளைகள் இருந்தார்கள். என்னை நம்பியவருக்கே அப்படி இருந்தால், நம்பாதவர்களை என்ன சொல்வது?

ஹோட்டல் வான் வண்டியில் கொண்டுவந்து வீட்டடியில் இறக்கிவிட்டார்கள். பட்டப்பகலில், விரத நாளில், நான் தள்ளாடித் தள்ளாடி ஒழுங்கைக்குள் வந்ததை முழு ஒழுங்கையும் பார்த்தது. சரோ கதவைத் திறந்தாள். மணம் அவளுக்கு அடித்திருக்கும்.

"குடிச்சிருக்கிறியள்."

"ஓம்."

"ஆர் தந்தது?"

"பொலிஸ்."

அவள் என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய்த் தலையில் தண்ணீர் ஊற்றினாள். முழுக் கதையையும் அங்கேதான் சொன்னேன். அழுதேன். அவள் அழவில்லை.

வேலையை விடலாமென்று யோசித்தேன். விட்டால் ஓடிவிட்டான் என்பார்கள். சோதனைச் சாவடிகளில் அந்த ஹோட்டல் அட்டைதான் என்னைப் பலமுறை வீட்டுக்கு அனுப்பியிருந்தது. அதைவிட்டால் நான் வெறும் யாழ்ப்பாணத்தான். ஆகவே போனேன். அடுத்த அரச விருந்தன்று அதே அதிகாரி வந்தார். "அன்றைக்கு இருந்தவன் எங்கே? இனி அவனே முதலில் குடிக்கட்டும்" என்றார்.

அது ஒரு வழக்கமாகிவிட்டது. பெரிய ஆட்கள் வந்தால், பான்ட்றியில் ஒவ்வொரு போத்தலிலும் நான் ஒரு வாய் எடுத்து விழுங்கவேண்டும். வாயைத் திறந்து காட்டவேண்டும். கைகளை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு இருக்கவேண்டும். பிறகு யாராவது வந்து பார்த்து, "இவன் சாகவில்லை. போகலாம்" என்பார்கள். அதற்குப் பிறகுதான் வைன் மேசைக்குப் போகும். அதிகாரிகள் மாறினார்கள், மந்திரிகள் மாறினார்கள், அரசாங்கமே மாறியது. அந்தக் கதிரை மாறவில்லை. சில இளம் பரிசாரகர்கள் அதைப் பகிடி பண்ணுவார்கள். "சபா அண்ணைக்கு ஓசியில குடி" என்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

வீட்டில் ஒருநாள் நானும் அப்படிப் பகிடியாகச் சொன்னேன். சரோ அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஒருநாளைக்கு உண்மையிலேயே ஆரும் நஞ்சு போட்டால், எனக்கு ஆர் வந்து சொல்லுவினம்?" என்றாள்.

நான் அதை நினைத்ததே இல்லை. அதுவரை நான் அதிகாரிக்குத்தான் பயந்தேன், துவக்குக்குத்தான் பயந்தேன். போத்தல் என்னுடையது, நான் திறந்தது, அதற்கு நான் பயப்படவில்லை. அவள் கேட்ட நாளிலிருந்து போத்தலுக்கும் பயம் வந்துவிட்டது. யாரையாவது கொல்ல யாராவது நினைத்தால் முதலில் சாகிறவன் நான். அதற்காகத்தான் என்னை அங்கே வைத்திருக்கிறார்கள். விழுங்கிய பிறகு நெஞ்சில் சின்ன எரிவு வந்தாலும் இதுதானோ என்று வியர்க்கும். விருந்து நாட்களில் சரோ காலி வீதி பஸ் தரிப்பில் வந்து நிற்கத் தொடங்கினாள். நான் இறங்கியதும் என்னோடு கூட நடப்பாள்.

யுத்தம் முடிந்து, நான் ஓய்வுபெறக் கொஞ்சக் காலம் இருக்கையில், ஒரு விருந்து வந்தது. ஜயலத் அதற்கு முன்பே ஓய்வுபெற்றுக் காலிக்குப் போய்விட்டார். நான் போத்தல்களைத் திறந்தேன். ஒவ்வொன்றிலும் ஒரு வாய் விழுங்கினேன். கதிரையில் உட்கார்ந்து கைகளை விரித்து மேசைமேல் வைத்தேன். யாரும் வரவில்லை. வெகுநேரம் கழித்து ஓர் இளம் அதிகாரி எதையோ தேடிக்கொண்டு உள்ளே வந்தவன், என்னைக் கண்டு நின்றான்.

"அங்கிள், ஏன் இங்கே இருக்கிறீர்கள்? உள்ளே வைன் கேட்கிறார்கள்" என்றான் சிங்களத்தில்.

"நான் குடித்துவிட்டேன் சேர். நீங்கள் பார்க்கவேண்டும்."

"எதை?"

"நான் சாகிறேனா என்று."

அவன் சிரிக்கப்போனான். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. "அதெல்லாம் இப்போது இல்லை அங்கிள். யுத்தம் முடிந்துவிட்டது. எழும்பிப் போங்கள்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுக் கதவைத் திறந்தே வைத்துவிட்டுப் போனான்.

நான் எழும்பவில்லை. மேசையிலிருந்து கைகளை எடுக்கவும் இல்லை. இவன் சாகவில்லை என்று அவன் சொல்லவில்லையே.